சடை மடித்துக் கட்டிய சம்மனசு

பள்ளிக்கூட ஆபீசுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, ஃபைல் கட்டுவது எப்படி, ரெஜிஸ்டருக்கு நம்பர் போடுவது எப்படி என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் மூன்று மாதத்தில் கை தானாகப் பழகிக்கொள்ளும். நான் சொல்ல வந்தது சிவப்பு மையைப் பற்றி. உங்கள் காலத்தில் மை இல்லை, கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டினால் ஒரு பிள்ளையின் பேர் போய்விடுகிறது. போகும் வேகம்தான் மாறியிருக்கிறது. போவது அதே பேர்தான்.

விருத்தாசலத்தில் சிஸ்டர்மார் நடத்தும் பெண்கள் பள்ளியில் நான் எழுத்தராக இருந்தேன். படிப்பு பத்தாவது. டைப்பு கற்றுக்கொண்டது பஸ் ஸ்டாண்டு பக்கத்து இன்ஸ்டிட்யூட்டில். மீதியெல்லாம் பார்த்து, கேட்டு, திட்டு வாங்கிக் கற்றதுதான். தினமும் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். பிள்ளைகள் என்னை "ஆபீஸ் டீச்சர்" என்பார்கள். ஒரு பாடமும் நடத்தாத டீச்சர் நான் ஒருத்திதான்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது பேச்சுவாக்கில் நல்லதாக ஒன்று சொல்லிவிட்டால் அதைக் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி மேசை டிராயருக்குள் போட்டுக்கொள்வேன். மணி அடிக்கும் ராஜாமணி ஆயா ஒருநாள் சொன்னது முதல் தாளில் இருக்கும்: "நான் ஒரு கைய தூக்கினா ஜங்ஷன் ரோடு வரைக்கும் பொண்ணுங்க ஓடுதுங்க டீச்சர். கலெக்டருக்குக்கூட இந்தப் பவரு கெடையாது."

இரண்டாயிரத்துக்கு அப்புறம் நாலைந்து வருஷத்தில் பள்ளிக்குப் பொன்விழா வந்தது. அப்போதைய தலைமையாசிரியை சிஸ்டர் என்னைவிட ஏழு வயது சின்னவர். கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. அவருடைய கோபத்தைக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதில் இருந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். ஜூலை மாதம் என்னைக் கூப்பிட்டு, "சகுந்தலாம்மா, பொன்விழா மலருக்கு பள்ளியோட வரலாற நீங்க எழுதுங்க" என்றார்.

"நானா சிஸ்டர்? தமிழய்யா இருக்காரே, எம்.ஏ. படிச்சவரு."

"அவரு எழுதினா பாராட்டுரை ஆயிடும். நீங்க கதை சொல்றவங்க. பழைய பதிவேடெல்லாம் உங்க பீரோவுலதானே இருக்கு?"

இருந்தது. ஆனால் நான் அதைத் திறந்ததே இல்லை. திறந்தால் கரையான் மண்ணும் பாச்சை உருண்டை வாசனையும். முதல் வருஷத்துச் சேர்க்கைப் பதிவேடு ஒரு கணக்குப் பிள்ளை நோட்டு மாதிரி நீட்டமாக இருந்தது. தகரக் கொட்டகையில் பத்துப் பதினைந்து பிள்ளைகளோடு ஆரம்பித்த பள்ளி. ரயில்வே ஊழியர் வீட்டுப் பெண்கள், மண்பானை செய்கிற தெருவிலிருந்து ரெண்டு பேர், மங்கலம்பேட்டைக் கடைக்காரர் மகள் ஒருத்தி. பிறந்த தேதி, தகப்பனார் பேர், தொழில், எல்லாம் வழக்கம்போல. கடைசிக் கட்டம் 'குறிப்பு'. என் காலத்தில் அந்தக் கட்டத்தில் நாங்கள் எழுதுவது ஒரே ஒரு வரி: 'தொடர்ந்து வராததால் நீக்கம்'.

அந்தப் பழைய பதிவேட்டில் அது இல்லை. வேறு ஒன்று இருந்தது.

'போனேன். நடவுக்குப் போயிருக்கிறாள். வெள்ளிக்கிழமை அனுப்புவதாகச் சொன்னார்கள். வந்தாள்.'

'போனேன். வீட்டில் பூட்டு. மறுபடி போனேன். அக்காளுக்குப் பிரசவம். பதினைந்து நாள் தவணை கொடுத்தேன். வந்தாள்.'

ஒரு பெண்ணுக்கு மட்டும் அந்தக் கட்டம் போதாமல் ஓரத்தில் எல்லாம் எழுத்து நெருக்கிக்கொண்டு ஏறியிருந்தது. 'போனேன். மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். வாசலில் நின்றுவிட்டு வந்தேன். மறுபடி போனேன். மறுபடி போனேன். தகப்பனார் பேசவில்லை. மறுபடி போனேன். மோர் கொடுத்தார்கள். அழைத்து வந்தேன்.'

அந்த "மோர் கொடுத்தார்கள்" இருக்கிறதே, அதை விரல் வைத்து மறுபடி படித்தேன். வாசலில் நின்றவருக்கு மோர் கிடைக்க எத்தனை நடை ஆகியிருக்கிறது! எழுதியவர் முதல் தலைமையாசிரியை. பேர்கூடப் போடவில்லை, ஓரெழுத்துக் கையொப்பம்தான். வீட்டுக்குப் போகாமல் ஒரு பேரையும் அவர் நீக்கியதில்லை. பள்ளியின் வரலாற்றை எங்கே ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 'இந்தப் பள்ளி கட்டடத்தால் எழும்பியது அல்ல, நடையால் எழும்பியது' என்று முதல் வரி எழுதினேன். எழுதிவிட்டு ராஜாமணி ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்குது. அந்தம்மாவுக்கு முட்டி வலி இருந்திச்சா இல்லியான்னு எழுதலியே" என்றார். அதையும் தாளில் குறித்துக்கொண்டேன்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

நவம்பர் கடைசி. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் நாமினல் ரோல் தயாராகிக்கொண்டிருந்தது. அதாவது மார்ச்சில் யார் யார் அரசுத் தேர்வு எழுதப் போகிறார்கள் என்கிற பேர்ப்பட்டியல். அதில் பேர் இல்லாதவளுக்கு அந்த வருஷம் பரீட்சை இல்லை. பட்டியல் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக, நாள் கணக்கில் வராத பிள்ளைகளை முன்னாடியே நீக்கிவிடுவது என் வழக்கம். பத்தாம் வகுப்பு 'பி' பிரிவில் பரமேஸ்வரி என்று ஒரு பெண். எல்லாருக்கும் பரமு. தீபாவளி லீவுக்கு அப்புறம் வரவே இல்லை. வகுப்பாசிரியை துண்டுச்சீட்டில் பேர் எழுதிக் கொடுத்தார். ஸ்டீல் ஸ்கேலை வைத்துச் சிவப்பு மையில் நேராக ஒரு கோடு. குறிப்புக் கட்டத்தில் அந்த ஒரு வரி. சிஸ்டர் கையெழுத்துப் போட்டார். நூறு தாள்களில் அதுவும் ஒன்று.

என் கோடு எப்போதும் நேராக இருக்கும். அதில் எனக்கு ஒரு பெருமை. அந்தக் கோட்டைப் போட்டுவிட்டு, ஸ்கேலைத் துடைத்து வைத்துவிட்டு, வரலாற்றின் மூன்றாவது பக்கத்தை எடுத்து அந்த 'மறுபடி போனேன்' பற்றி ஆசை ஆசையாக எழுதினேன். அதே நாற்காலி, அதே மத்தியானம். ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் வந்தன. பொன்விழா வருஷம் என்பதால் சிஸ்டர் வெளியூரில் வாங்காமல் நம்ம ஊர் பீங்கான் பொம்மையே வேண்டும் என்று சொல்லி, பீங்கான் தொழிற்பேட்டையான எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பெரிய செட்டாகச் சொல்லி வைத்திருந்தார். முதல் பெட்டி வந்த காலையில் ஆபீசே வைக்கோலாகிவிட்டது. மாதா, சூசையப்பர், ரெண்டு ஆடு, பிறகு ஒரு சம்மனசு. எங்கள் ஊர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் தேவதூதரைச் சம்மனசு என்றுதான் சொல்வார்கள்.

ஆயா அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இந்தச் சம்மனசு எந்த கிளாசு சிஸ்டர்?"

பார்த்தால், வழக்கமாகச் சம்மனசுக்குப் பொன்னிறத்தில் விரித்த கூந்தல். இதற்கு மட்டும் கறுப்பு முடி. அச்சில் வார்த்த அலைகளுக்கு மேலேயே பிரஷ்ஷால் ரெட்டைச் சடை இழுத்து, மடித்துக் கட்டி, நுனியில் நீல ரிப்பன் முடிந்திருந்தது. எங்கள் பள்ளி ரிப்பன். எங்கள் பள்ளி நீலம்.

அறையில் இருந்த எல்லாரும் சிரித்தோம். சிஸ்டரும் சிரித்தார். ட்ராயிங் டீச்சர் மட்டும் பொம்மையைத் திருப்பிப் பார்த்து, "இது பரமு கை சிஸ்டர். முடிச்சுக்கு ரெண்டு காதும் சமமா இருக்குது பாருங்க, அவதான் இப்படிப் போடுவா" என்றார்.

"பரமு எங்க?" என்று கேட்டார் சிஸ்டர்.

நான் சொன்னேன்: "பேரு நீக்கியாச்சு சிஸ்டர். போன வாரம்."

"வீட்டுக்கு யார் போனது?"

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் மேசைமேல் வரலாற்றுத் தாள்கள் கிடந்தன. மேலே இருந்த தாளை எடுத்துக் கண்ணருகே வைத்து, என் கையெழுத்தை எனக்கே படித்துக் காட்டினார்: "'வீட்டுக்குப் போகாமல் ஒரு பேரையும் நீக்கியதில்லை.' நல்லா எழுதியிருக்கீங்க." தாளை வைத்தார். "பட்டியல் எப்ப குடுக்கணும்?"

"நாளைக்கு சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள சிஸ்டர்."

"செருப்ப மாட்டிக்கிட்டு வாங்க."

திட்டியிருந்தால் நான் அழுது முடித்திருப்பேன். அவர் அதற்கு நேரம் கொடுக்கவில்லை.

எஸ்டேட்டுக்கு ஆட்டோவில் போனோம். அந்தப் பக்கம் மரத்து இலைகூட வெள்ளையாக இருக்கும், அவ்வளவு பீங்கான் மாவு. கம்பெனிக்குள் நீளமான பெஞ்சு. அதில் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கலர் அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒரு ஒட்டகத்துக்குப் பின்னால் ஒரு தலை குனிந்தது. ஒட்டகம் முழங்கை உயரம்தான். மறைக்கவில்லை.

பெஞ்சில் இருந்த ஒரு அம்மா சத்தமாகவே சொன்னார்: "ஏய் பரமு, ஒன் சம்மனசு ஸ்கூலுக்குப் போயி கோள் மூட்டிடிச்சிடி!"

எல்லாரும் சிரித்தார்கள். பரமு எழுந்து நின்றாள். கையெல்லாம் நீலம். பக்கத்தில் அவள் அம்மா, வலது கையில் மாவுக்கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். விஷயம் இதுதான்: தீபாவளி முடிந்து இரண்டாம் நாள், களிமண் தண்ணீரில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. அந்தப் பெஞ்சில் ஒரு வழக்கம். காலியாக இருக்கும் இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்து சீசன் வேலையை முடித்துவிட்டால் அப்புறம் அந்த இடம் அவர்களுக்குத்தான். அதனால் அம்மா கலரைச் சொல்லச் சொல்ல, மகள் அம்மாவின் இடத்தில் உட்கார்ந்து குடில் பொம்மைக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பள்ளி சொல்லி வைத்திருந்த குடில்.

நாங்கள்தான் அவளைப் பள்ளிக்கு வராமல் செய்திருக்கிறோம். வராததற்காக நாங்களே பேரையும் அடித்திருக்கிறோம்.

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமேம்மா" என்றேன் நான். குற்றத்தை அவர்கள் பக்கம் கொஞ்சம் தள்ளிப் பார்க்கிற புத்தி.

பரமுவின் அம்மா என்னைப் பார்த்துச் சொன்னதை இன்னும் வைத்திருக்கிறேன்: "ஸ்கூல்ல எடம் எங்க போயிடப் போவுதுன்னு நெனச்சேங்க. அங்க பேரு எழுதி வச்சிருக்கீங்க இல்ல. இங்க யாரு பேரையும் எழுதி வைக்கறதில்ல, எழுந்தா போச்சி."

எழுதி வைத்த பேரை நான் என்ன செய்தேன் என்று அவரிடம் சொன்னது நான் இல்லை. சிஸ்டர் சொன்னார். மறைக்காமல், சுருக்கமாக. பரமு பிரஷ்ஷைத் தண்ணீரில் விட்டுக் கழுவினாள், கழுவினாள், தண்ணீர் முழுக்க நீலமாகும்வரை கழுவினாள். பிறகு, "அப்ப நான் எழுத முடியாதா சிஸ்டர்?" என்றாள்.

சிஸ்டர் முதலாளியைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், சட்டைப் பையில் எந்நேரமும் சளி மாத்திரை வைத்திருப்பார்.

"எங்க பொம்மை இன்னும் எவ்வளவு இருக்கு?"

"ஒட்டகம் மூணு, ராஜா மூணு பேரு, இடையனுங்க, ஆடு. எல்லாம் இந்த அம்மா கணக்குத்தான். ஒரு வாரத்துல முடிச்சிடலாம் சிஸ்டர், கவலப்படாதீங்க."

"முடிக்க வேண்டாம். வெள்ளையாவே குடுத்துடுங்க."

முதலாளிக்குப் புரியவில்லை. "கலர் அடிக்காமலா? பொன்விழாவுக்கு வெள்ளை ஒட்டகமா சிஸ்டர்? ஊரு என் கம்பெனியத்தான் பேசும்."

"கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க. அந்த அம்மா கணக்கு இதோட முடிஞ்சிடுச்சு. அந்த எடத்துல இனிமே இந்த சீசனுக்கு யாரும் உக்கார வேண்டிய வேலையே இல்ல. கை சரியாயிட்டு அவங்களே வந்து உக்காருவாங்க. சரிதானா?"

முதலாளி பெஞ்சைப் பார்த்தார். கோள் மூட்டியதைப் பற்றிச் சொன்ன அந்த அம்மா, "அந்த எடத்துல என் தூக்குவாளிய வச்சிருக்கேன் சிஸ்டர். யாரு உக்காந்திடறாங்கன்னு பாக்கறேன்" என்றார். முதலாளி தலையை ஆட்டிவிட்டார்.

பரமுவைக் கையோடு அழைத்து வந்தோம். ஆட்டோவில் அவள் கை நீலம் என் சேலையில் பட்டது. அது துவைத்தும் போகவில்லை.

ஆபீசுக்கு வந்த பிறகுதான் பயம் வந்தது. பதிவேட்டில் அந்தக் கோடு, என் நேரான கோடு, அப்படியே கிடந்தது. நீக்கிய பேரைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு போனால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேள்வி வரும். என் டிராயரில் பாதி பிளேடு உண்டு, வெள்ளை மைப் புட்டி உண்டு. சுரண்டி, பூசி, மேலே எழுதினால் யாருக்கும் தெரியாது. அந்தக் கலையிலும் நான் கெட்டிதான். பிளேடை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

சிஸ்டர் பிளேடைப் பார்த்தார். "ஐம்பது வருஷப் பதிவேட்டையும் படிச்சீங்களே, எங்கயாவது பிளேடு பட்ட எடம் இருந்துதா?"

"இல்ல சிஸ்டர்."

"அப்ப முதல் எடம் நம்ம ரெண்டு பேரோடதாவா இருக்கணும்? கோடு இருக்கட்டும். பக்கத்துல நடந்தத எழுதுங்க."

குறிப்புக் கட்டத்தில் என் பழைய வரிக்குக் கீழே எழுதினேன். இடம் நெருக்கியதால் எழுத்து கோணல். 'வீட்டுக்குப் போய் விசாரிக்காமல் பெயரை நீக்கியது என் தவறு. இன்று போனேன். தாயாருக்குக் கை முறிவு. அழைத்து வந்தேன்.' கையெழுத்துப் போட்டேன். சிஸ்டர் பேனாவை வாங்கி அதற்கும் கீழே, 'போனீர்களா என்று கேட்காமல் கையொப்பமிட்டது என் தவறு' என்று எழுதித் தன் பேரைப் போட்டார். அவர் அதை எழுத வேண்டிய அவசியம் இல்லை. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பள்ளி வரலாற்றில் நான் வியந்து வியந்து எழுதியது யாரோ பழைய சிஸ்டரைப் பற்றி. பக்கத்து அறையில் இருக்கிறவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் அந்தப் பதிவேட்டையே துணியில் சுற்றிக்கொண்டு கல்வி அலுவலகத்துக்குப் போனோம். அங்கே பட்டியல்களை வாங்குகிற கண்காணிப்பாளர் கறாரான ஆள் என்று பேர். எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவரை, தாள் ஒட்டியிருந்ததற்கே திருப்பி அனுப்பினார். எங்கள் முறை வந்தது. பட்டியலைப் புரட்டினார். கடைசியில் தனித்தாளில் ஒரு பேர்.

"இது என்ன தனியா?"

சிஸ்டர் பதிவேட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தை வைத்தார். கண்காணிப்பாளர் படித்தார். கோட்டைப் பார்த்தார். கோணல் எழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க சார்."

"கோடும் உங்களுதுதானா?"

"கோடும் என்னுதுதாங்க."

எனக்கு அந்தப் பெண் பிரஷ் கழுவியதுதான் கண்ணில் நின்றது. அவர் நாற்காலியில் சாய்ந்தார். "இந்த மேசைக்கு வராத தப்பு இல்லம்மா. டைப்பிஸ்டு பண்ணிட்டான்னு வரும், கம்ப்யூட்டர் பண்ணிடிச்சின்னு வரும், கரையான் தின்னுடிச்சின்னு வரும். நான்தான் பண்ணேன்னு எழுதி எடுத்துக்கிட்டு வந்தது இதான் மொதல்." பிறகு சிஸ்டரிடம், "வருகை குறைவுக்கு ஒரு கடிதம் குடுங்க. அந்த அம்மாவோட ஆஸ்பத்திரிச் சீட்டு நகல் வையுங்க. பட்டியல் இன்னும் இங்கிருந்து போவல" என்று சொல்லி, தன் பேனாவாலேயே எங்கள் பட்டியலின் அடியில் பரமேஸ்வரி என்று எழுதினார்.

கடைசியில் சேர்ந்ததால் அவளுக்குக் கடைசி நம்பர். தேர்வு அறையில் ஜன்னலோரம் கடைசி பெஞ்சு. மூன்று மாதம் விடுதி சிஸ்டர்கள் அவளுக்கு முறை வைத்துக் கணக்கும் சயின்சும் சொல்லிக் கொடுத்தார்கள். பாஸானாள். முதல் மார்க்கெல்லாம் இல்லை, கணக்கில் தொட்டுக்கோ துடைத்துக்கோ என்று பாஸ் மார்க். ரிசல்ட்டைப் பார்த்த ஆயா, "நிக்கறதுக்கு அது போதும், ஆடறதுக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

அந்த வருஷத்துக் குடிலை ஊரே வந்து பார்த்தது. மாதாவுக்கும் சூசையப்பருக்கும் கலர், மூன்று ராஜாக்களும் மூன்று ஒட்டகமும் இடையர்களும் வெள்ளை வெளேர். ட்ராயிங் டீச்சர் அடித்துவிடலாமா என்று கேட்டதற்கு சிஸ்டர் வேண்டாம் என்றுவிட்டார். மேலே, நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், ரெட்டைச் சடை மடித்துக் கட்டிய சம்மனசு. ஏன் பாதி வெள்ளை என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆயா, "ஒட்டகம் இப்பதான் குளிச்சிட்டு வந்திருக்குது" என்று சொல்லி அனுப்பினார். காரணம் எங்களுக்குத் தெரியும். பரமுவின் அம்மா பொங்கல் கழிந்து தன் இடத்தில் போய் உட்கார்ந்தபோது தூக்குவாளி அங்கேயே இருந்ததாம்.

மலருக்கு நான் எழுதிய வரலாற்றில் கடைசிப் பக்கத்தை மாற்றினேன். பழைய சிஸ்டரின் 'போனேன்'களுக்கு அடுத்து என் கோட்டையும் எழுதினேன். பொன்விழா மலரில் இதெல்லாம் எதற்கு என்று தமிழய்யா கேட்டார். சிஸ்டர், "அதுவும் இந்தப் பள்ளியில நடந்ததுதானே ஐயா" என்றார். அச்சாகி வந்தது.

அதற்கப்புறம் ஓய்வு பெறும்வரை எத்தனையோ வாசல்களில் நின்றேன். எல்லாக் கட்டத்திலும் 'அழைத்து வந்தேன்' என்று எழுத முடிந்தது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். சில பேருக்கு நேராக 'போனேன்' மட்டும்தான் நிற்கிறது. எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற மங்களூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு நாலு தடவை போனேன், மோர்கூடக் கிடைக்கவில்லை. அந்தப் பேரையும் கடைசியில் நானேதான் நீக்கினேன். ஆனால் அந்தப் பெண்ணின் வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, வேலியில் என்ன கொடி படர்ந்திருக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் தெரியும். தெரிந்துகொண்டு நீக்கினேன்.

உங்கள் மேசையில் ஸ்கேல் இல்லை, சிவப்பு மை இல்லை. திரையில் ஒரு பேர், பக்கத்தில் ஒரு கட்டம். கை அதன்மேல் போகும்போது ஒன்றே ஒன்று செய்யுங்கள். குனிந்து, மேசைக்கு அடியில் கழற்றிப் போட்ட செருப்பைத் தேடுங்கள்.